அடுத்த போகம் நிலம் யாருக்கு? மண்ணைக் காக்கச் சொல்பவர்களுக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

விவசாயத் திணைக்களத்திலும், கமநல அபிவிருத்தித் திணைக்களத்திலும், மத்திய, ஊவா மாகாண விவசாய அமைச்சுகளிலும், பெருந்தோட்ட நிறுவனங்களின் நிருவாகங்களிலும் பொறுப்பில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மணிமார்களுக்கும்,

வணக்கம்.

நுவரெலியா மாவட்டத்தில், கந்தப்பளைப் பக்கம், தோட்ட நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மரக்கறி செய்கிறவன் நான். உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா என்று போகத்துக்குப் போகம் பயிர் மாறும். என் தந்தை தேயிலைத் தோட்டத்தில் கான், அதாவது மழைநீர் வடிகால், வெட்டியவர். தாய் கொழுந்து எடுத்தவர்.

மலைச்சரிவில் பயிரிடுகிறவர்கள் மண்ணைக் காக்கும் முறைகளை ஏன் கைக்கொள்வதில்லை என்று நீங்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். கமநல சேவை நிலையக் கூட்டங்களில் இந்தக் கேள்வி வராத நாளில்லை. பல வேளைகளில் பதிலையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்: விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதாது. அதனால் இன்னொரு பயிற்சிப் பட்டறை, இன்னொரு துண்டுப்பிரசுரம், மதியச் சாப்பாட்டுப் பார்சல், குழுவாக ஒரு புகைப்படம். அந்தப் பதில் தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நாடெங்கும் 600இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ மலைகள் சரிந்தன. அதற்குப் பிறகு எங்களைப் பார்க்கும் பார்வையே மாறியிருக்கிறது. மரக்கறி செய்கிறவர்கள்தான் மலையைக் கொத்திக் கெடுத்தார்கள் என்ற பேச்சு பஸ்ஸிலும் சந்தையிலும் காதில் விழுகிறது. மண் அரிப்பில் எங்களுக்குப் பங்கு இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பங்கு ஏன் வந்தது, எதனால் குறையும் என்பதைக் கேட்க உங்களுக்குப் பொறுமை வேண்டும்.

முதலில் அறிவைப் பற்றிய குற்றச்சாட்டை எடுத்துக்கொள்கிறேன். புல்லையும் இலையையும் பரப்பி மண்ணை மூடும் மூடாக்கு இட்டால் மண் நிற்கும் என்பது மலையில் பிறந்தவனுக்குத் தெரியாத விஷயமா? இந்த நாட்டின் மண் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அளந்து வைத்திருக்கும் கணக்கு இது: மூடாக்கு இல்லாத, விதையிலிருந்து வளர்த்த பழைய தேயிலையில் ஒரு ஹெக்டயரிலிருந்து ஆண்டுக்கு ஐம்பது தொன்னை அண்டி மண் போகிறது; அதே தேயிலையில் மூடாக்கு இருந்தால் ஒரு தொன்கூடப் போவதில்லை. கண்டிப் பக்கத்துக் கலப்பு வீட்டுத் தோட்டங்களிலும் அப்படித்தான், இழப்பு மிகச் சொற்பம். இந்த எண்கள் தெரியாமலே எங்கள் பெரியவர்கள் மானாப் புல்லை வெட்டித் தேயிலையடியில் பரப்பினார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மானாவோ குவாத்தமாலாப் புல்லோ ஒன்றரை, இரண்டு வருடம் வளர்த்து, மண்ணைத் தேற்றிய பிறகே புதுக் கன்று நட்டார்கள். அந்தப் புல்லை நட்டதும் வெட்டியதும் எங்கள் கைகள்தான்.

அறிவு இருந்தும் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் தேட வேண்டுமானால் லயத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஐந்து, பத்துப் பேர்ச் இருக்கும் வீட்டுத் தோட்டம். அங்கே கல் பொறுக்கி அடுக்கிய வரம்பு இருக்கிறது. ஓரத்தில் புல் வரிசை, மூலையில் எருக்குழி, போஞ்சிக்கு நடுவே சோளம், வேலியோரம் முள்முருக்கு. மண் ஒரு பிடிகூட வெளியே போகாது. அந்த வீட்டுக்காரரே அரை மைல் தொலைவில் குத்தகைக்கு எடுத்த கால் ஏக்கரில் சரிவின் போக்கிலேயே பாத்தி இழுத்திருப்பார். வரம்பு இல்லை, புல் இல்லை, மூடாக்கு இல்லை. மழை பெய்தால் கீழே இருக்கும் பாதை செம்மண் குழம்பாகிவிடும்.

இரண்டு இடத்திலும் உழைப்பவர் ஒருவரே. பட்டறைக்குப் போனவரும் அவரே. வீட்டுத் தோட்டத்திலிருந்து அவரை யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கிறது. அதற்கும் உறுதி கிடையாது, ஆனாலும் தலைமுறையாக இருந்த இடம். குத்தகை நிலமோ அடுத்த போகம் அவரிடம் இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. கல்வரம்பு கட்ட ஆள்கூலி இன்று போகும். அந்த வரம்புக்கு மேலே மண் தேங்கிச் சமன்பட்டுப் பலன் தெரிய மூன்று, நான்கு வருடமாகும். அதற்குள் நிலம் வேறொருவர் கைக்கு மாறினால் அவர் கட்டிய வரம்பில் இன்னொருவர் அறுவடை செய்வார். இன்னும் கொடுமை ஒன்று உண்டு: நிலத்தைத் திருத்தினால் குத்தகை ஏறும். எங்கள் பகுதியில் ஒரு பெண் மூன்று போகம் பாடுபட்டுக் கல்லும் கட்டையும் அகற்றி, சாணமிட்டு, பாத்திகளைக் குறுக்காக மாற்றி எடுத்தார். நாலாவது போகத்தில் அந்த நிலத்துக்கு அதிகப் பணம் தர வேறொருவர் வந்தார். பேச்சளவில் இருந்த குத்தகை பேச்சளவிலேயே முடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அயலவர்கள் அன்று கற்றுக்கொண்டதை எந்தப் பட்டறையாலும் மாற்ற முடியவில்லை.

இந்த இடத்தில் பெருந்தோட்ட நிறுவனங்களோடு நேராகப் பேச விரும்புகிறேன். தோட்டங்கள் 1992இல் தனியார் முகாமைக்குப் போயின; அந்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு உங்களுக்குக் கிடைத்த குத்தகைக் காலம் 53 ஆண்டுகள். 2045 வரை நிலம் உங்கள் கையில் இருக்கும். தேயிலை போன்ற நீண்டகாலப் பயிருக்கு முதலிட நீண்டகால உறுதி வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அந்த நியாயத்தை நான் ஏற்கிறேன். நிறுவனத்துக்குப் பொருந்தும் அதே நியாயம், நீங்கள் கைவிட்ட சரிவில் மம்பட்டி பிடிக்கிறவனுக்கு ஏன் பொருந்தாது? உங்களுக்கு 53 ஆண்டு வேண்டியிருந்தது. எனக்கு ஐந்து ஆண்டு எழுத்தில் தாருங்கள் என்கிறேன்.

எழுத்தில் கொடுத்தால் பிறகு நிலத்துக்கு உரிமை கோருவார்கள் என்ற அச்சம் நிருவாகங்களுக்கு இருப்பது எனக்குத் தெரியும். குத்தகைக்கு எடுத்த நிலத்தை இன்னொருவருக்கு முறைப்படி கொடுக்க அரசின் சம்மதம் வேண்டும் என்பதும் தெரியும். அந்தச் சம்மதத்தைத் தரும் அதிகாரமுள்ள சிறப்புப் பங்கு, பொற்பங்கு என்பது, அரசிடமே இருக்கிறது. ஆகவே இது முடியாத காரியம் அல்ல. இரு தரப்பும் ஒரு மேசையில் உட்கார மறுப்பதால் நடக்காத காரியம். இந்த மறுப்புக்கு விலை கொடுப்பது மண்.

ஆவணம் இல்லாததால் வரும் இடைஞ்சல் நிலத்தோடு முடிவதில்லை. கமநல சேவை நிலையத்தில் விவசாயியாகப் பதிவதற்கு நிலத்துக்கான அத்தாட்சி கேட்கிறார்கள். அது இல்லாதவன் பதிவேட்டில் விவசாயி இல்லை. பதிவேட்டில் இல்லாதவனுக்கு மானியமும் இல்லை, வங்கிக் கடனும் இல்லை. வெள்ளத்தில் பயிர் அழிந்தால் நட்டஈட்டுப் படிவத்தில் எழுதுவதற்கு ஒரு காணி இலக்கமும் இல்லை. நுவரெலியாப் பொருளாதார மத்திய நிலையத்தில் எங்கள் மூட்டைகள் எடை பார்க்கப்படுகின்றன. ஆனால் அவற்றை விளைவித்தவர்கள் அரசின் கணக்கில் எங்கேயும் இல்லை. கணக்கில் இல்லாதவர்கள் மண்ணைக் காக்கவில்லை என்று மட்டும் கணக்கெடுக்கப்படுகிறது.

இனி முறைகளைப் பற்றி. பாதுகாப்பு விவசாயம் என்று நீங்கள் கற்பிப்பது ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு வகுத்த மூன்று கொள்கைகளை: மண்ணை இயன்ற அளவு கிளறாதே, மண்ணை எப்போதும் மூடி வை, பயிர்களை மாற்றி மாற்றிச் செய். மூன்றும் நல்லவை. ஆனால் இவை பெரும்பாலும் வேறு நிலத்தில், வேறு பயிரில் வளர்ந்தவை. பிரேசிலின் பரானா மாநிலத்தில் 1972இல் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி, மழையில் தன் மண் அடித்துச் செல்லப்படுவதைப் பொறுக்காமல் உழாமல் விதைக்கத் தொடங்கினார் என்று படித்திருக்கிறேன். அவரைப் பார்த்துச் சுற்றியிருந்தவர்கள் மாறினார்கள். அவர் தானியமும் சோயாவும் விதைத்தவர். விதைக்கும் பொறி வைத்திருந்தார். நிலமும் அவருடையது. எங்கள் பயிர் மண்ணுக்குள் விளைகிறது. உருளைக்கிழங்கைத் தோண்டாமல் எடுக்க வழியில்லை. கரட்டுக்கு ஆழமாகப் பொலபொலவென்று மண் இல்லாவிட்டால் கிழங்கு கிளைத்துக் கோணலாகிவிடும். கோணல் கரட்டை வியாபாரி தொடமாட்டார். லீக்ஸின் வெள்ளைத் தண்டு நீள வேண்டுமானால் இரண்டு, மூன்று தடவை மண் அணைத்தாக வேண்டும்.

ஆகவே கிளறாதே என்ற கொள்கையை அப்படியே எங்களிடம் கொண்டுவரும்போது நாங்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அதைச் சொல்பவர் எங்கள் பயிரைப் பார்க்கவில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு அவர் சொல்லும் சரியான விஷயங்களையும் காதில் வாங்குவதில்லை. கரட்டில் கிளறுவதைத் தவிர்க்க முடியாது, ஆனால் கோவாவிலும் போஞ்சியிலும் முடியும்; கரட் போகத்துக்கு அடுத்ததாகக் கோவாவைப் பழைய பாத்தியிலேயே குழி மட்டும் எடுத்து நடலாம். இப்படிச் சொல்லியிருந்தால் பலர் செய்து பார்த்திருப்பார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். கூலி மிச்சம், விளைச்சலில் குறை இல்லை.

உயிர்வேலிக்கும் இதே கதைதான். சரிவுக்குக் குறுக்கே மர வரிசை நட்டு, கிளைகளை வெட்டி மண்ணுக்குப் போடும் முறை பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. இங்கே அதற்குக் கிளிரிசிடியாவைக் கொடுத்தார்கள். தாழ்நாட்டிலும் இடைநாட்டிலும் அது அருமையான மரம். கந்தப்பளைக் குளிரில் அது குச்சியாகவே நிற்கும். எங்கள் உயரத்துக்கு முள்முருக்கு இருக்கிறது, வேலியோரமெல்லாம் தானாக வளரும் காட்டுச் சூரியகாந்தி இருக்கிறது. அதன் இலை மண்ணில் விரைவாக மக்கும். நாற்றுமேடையிலிருந்து லொறியில் ஏற்றி வந்த கன்றுக்குப் பதில் இவற்றைப் பார்த்திருக்கலாம். அத்தோடு, கால் ஏக்கர்க்காரனுக்கு ஒவ்வொரு வேலி வரிசையும் ஒரு பாத்தியை விழுங்கும். அந்த வரிசையில் மாட்டுத் தீவனப் புல் நட்டால் அவன் அதைப் பிடுங்கமாட்டான், ஏனென்றால் லயத்தில் மாடு வைத்திருப்பவர் அந்தப் புல்லுக்குச் சாணம் தருவார்.

மூடாக்கு பற்றியும் ஒன்று. நெல் விளையும் வெலிமடைப் பக்கம் வைக்கோல் கிடைக்கும். அங்கே வயலில் பெரும்போகத்தில் நெல்லும் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் செய்கிறார்கள். யாரும் கற்பிக்காமலே அது நல்ல பயிர்ச் சுழற்சி, வயலில் நீர் நிற்பதால் நோயும் குறைகிறது. எங்கள் உயரத்தில் நெல் இல்லை. மானாப் புல்லை வெட்டத் தோட்டத்தின் அனுமதி வேண்டும். கிடைத்ததைப் பரப்பினாலும் ஈரமான மாதங்களில் அதனடியில் நத்தை சேர்ந்து கோவாக் கன்றை அறுத்துவிடும். வறண்ட பெப்ரவரி, மார்ச்சில் மூடாக்கு நீர் இறைக்கும் செலவை நன்றாகக் குறைக்கிறது. மழை மாதங்களில் எந்தப் பயிருக்கு எவ்வளவு என்பதை எங்கள் நிலத்தில் வந்து பரிசோதித்துச் சொல்ல வேண்டும். திணைக்களத்தின் தலைமையகம் இருக்கும் பேராதனையில் இருந்துகொண்டு சொல்லக்கூடிய விடை அல்ல அது.

நீங்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் நான் மிக அதிகமாகக் கவலைப்படுவதும் நீரைப் பற்றித்தான்.

பாத்தியைச் சரிவின் போக்கில் போடாதீர்கள், குறுக்கே போடுங்கள் என்கிறீர்கள். எங்களுக்கும் அது சரியென்று தெரியும். பிறகு ஏன் செய்வதில்லை? குறுக்கே போட்ட பாத்தியில் ஒக்டோபர், நவம்பர் மழைக்கு நீர் தேங்கினால் உருளைக்கிழங்கு அழுகும், பக்டீரியா வாடல் நோய் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் பரவும். தேங்காமல் இருக்க வேண்டுமானால் பாத்தியின் நீர் ஒரு கானுக்குப் போக வேண்டும். அந்தக் கான் ஒரு பெரிய கானுக்குப் போக வேண்டும். அது கல் பதித்த ஓர் ஓடையில் சேர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் என் நிலத்து நீர் அயலவர் நிலத்தை உடைக்கும். நான் மட்டும் என் கால் ஏக்கரில் குறுக்கே கான் வெட்டி, அதன் வாய் திறக்கும் இடத்தில் வடிகால் இல்லாவிட்டால், மலையில் பரவலாகப் போய்க்கொண்டிருந்த நீரை ஓரிடத்தில் குவித்துக் கொடுத்தவனாவேன்.

பழைய தோட்டங்களில் இந்தச் சங்கிலி இருந்தது. 120 அடிக்கு ஓரடி இறக்கம் என்ற கணக்கில் சரிவுக்குக் குறுக்கே கான்கள், அவற்றுக்குள் இடையிடையே மண் தங்கும் தடுப்புக் குழிகள், அவை போய்ச் சேரும் பெரிய கான்கள். என் தந்தை கண்ணளவிலேயே அந்த இறக்கத்தைப் பிடிப்பார். கானில் சேர்ந்த மண்ணை அள்ளி மேல்பக்கம் போட வேண்டும், கீழ்ப்பக்கம் போட்டால் அடுத்த மழைக்கு அதுவே சரியும் என்பார். அது ஆண்டுதோறும் செய்யும் வேலையாக இருந்தது. இன்று எத்தனை தோட்டங்களில் கான் வேலைக்கு ஆள் போடுகிறார்கள்? கொழுந்துக்கே ஆள் போதவில்லை என்கிறார்கள். தேயிலை காடாகிப்போன மலைகளில் கான்கள் தூர்ந்து, எங்கே இருந்தன என்றே தெரியாமல் கிடக்கின்றன. அதன் கீழேதான் எங்கள் மரக்கறிப் பாத்தியும், அதற்கும் கீழே லயங்களும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, அறிந்தவர்களும் நிலத்தை வைத்திருந்தவர்களும் அங்கே குடியிருந்தவர்களும் வேறு வேறு ஆட்களாக இருந்தார்கள். கான் விஷயத்திலும் அப்படி ஒரு பிளவைப் பார்க்கிறேன். மண் அரிப்பைத் தடுக்கும் அதிகாரி, நீரைக் கானில் தேக்கி மண்ணுக்குள் இறக்கு என்கிறார். மண்சரிவைக் கவனிக்கும் அதிகாரி, ஆபத்தான சரிவில் நீரை மண்ணுக்குள் விடாதே, வேகமாக வெளியேற்று என்கிறார். இரண்டும் அந்தந்த இடத்துக்குச் சரி. என் சரிவு எந்த வகை என்று சொல்ல வேண்டிய வரைபடம் உங்களிடம் இருக்கிறது. அந்த இரண்டு அதிகாரிகளும் ஒரு நாள் சேர்ந்து ஒரே மலையில் ஏறி, இங்கே தேக்கு, இங்கே வடி என்று குச்சி நட்டுக் காட்டியதை நான் பார்த்ததில்லை. 1951ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1996இல் அதைத் திருத்தவும் செய்தீர்கள். ஒரு மலையின் முழு நீரையும் ஒரே திட்டமாகப் பார்க்க அந்தச் சட்டத்தை நீங்கள் பயன்படுத்தலாம். தனித்தனி விவசாயிக்கு அறிவித்தல் ஒட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தினால் வழக்குகள் பெருகும், மண் நிற்காது.

பயிர்ச் சுழற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உருளைக்கிழங்கை ஒரே நிலத்தில் அடுத்தடுத்துச் செய்தால் வட்டப்புழுவும் வாடல் நோயும் பெருகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விதைக்கும் உரத்துக்கும் முற்பணம் தருபவர் வியாபாரி. எதை நட வேண்டும் என்று முடிவு செய்வதும் பெரும்பாலும் அவரே. எங்கள் கிழங்கு சந்தைக்கு வரும் நேரத்தில் இறக்குமதிக் கிழங்கின் மீதான வரி கூடுமா குறையுமா என்பது கொழும்பில் முடிவாகும். ஒரு போகம் நிலத்தைப் பசுந்தாள் பயிருக்கு விட்டால் அந்த நாலு மாதம் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று சொல்லித்தரும் துண்டுப்பிரசுரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. குறைந்த வட்டியில் கூட்டுறவுக் கடன் இருந்தால் சுழற்சி தானாக வரும்.

2021ஐப் பற்றிப் பேசாமல் நம்பிக்கையைப் பற்றிப் பேச முடியாது. அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. நவம்பரில் முடிவு மாறியது. இடையில் போன போகம் எங்களுக்குத் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு பசளை விலை பல மடங்கு ஏறியது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நடந்தது. நேற்றுவரை இவ்வளவு யூரியா போடுங்கள் என்று சொன்ன விவசாயப் போதனாசிரியரை, இன்றிலிருந்து வேண்டாம் என்று சொல்ல வைத்தீர்கள். பிறகு மறுபடியும் போடுங்கள் என்று சொல்ல வைத்தீர்கள். அவர் நல்ல மனிதர், எங்கள் முகத்தைப் பார்த்துப் பேச அவர் பட்ட சங்கடத்தை நான் அறிவேன். கூட்டெரு, மூடாக்கு, பசுந்தாள் என்று யார் வாய் திறந்தாலும் இன்று விவசாயிக்கு அந்த ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு நல்ல முறையை அதட்டிப் புகுத்தியதன் பலன் இது. ஆகவே இனி எங்களிடம் எதைக் கொண்டுவந்தாலும் நாங்கள் வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

எங்களை மாறத் தூண்டுவது எது என்றும் கேட்பீர்கள். கையில் காசாகத் தெரியும் எதுவும் தூண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டாண்டாகக் கோழி எருவும் பசளையும் கொட்டியதில் நுவரெலியா மரக்கறி மண் பலவற்றில் பொஸ்பரஸ் தேவைக்கு மேல் சேர்ந்திருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. எங்களில் சிலர் சேர்ந்து மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். என் மண்ணுக்கும் அதே விடை வந்தது. அடுத்த போகம் டீ.எஸ்.பி. என்ற பொஸ்பரஸ் பசளை வாங்கவில்லை. மிச்சமான பணத்தில் டொலமைட் சுண்ணாம்பு வாங்கி, அமிலம் ஏறிய மண்ணைச் சரிசெய்தேன், விளைச்சல் குறையவில்லை. அந்த ஒரு தாளைப் பார்த்து என் வரிசையில் இருந்த அத்தனை பேரும் மண் மாதிரி எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை.

அந்தத் தாள் தமிழிலும் இருந்திருந்தால் இன்னும் எளிதாக இருந்திருக்கும். வேறொருவரைக் கேட்டுத்தான் படித்தேன். மலையகத்தில் மரக்கறி செய்கிறவர்களில் பெரும்பகுதியினர் தமிழில்தான் படிக்கிறோம், எழுதுகிறோம். தமிழ் தெரிந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவர் வேண்டும் என்று கேட்பதை இனப் பிரச்சினையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து ஊர்ச் சிங்கள விவசாயியும் நானும் மண்ணைப் பற்றி ஒரே பேச்சுத்தான் பேசுகிறோம், விதைக்கிழங்கு பகிர்ந்துகொள்கிறோம். அவருக்குத் தாளில் கிடைப்பது எனக்கும் தாளில் கிடைக்க வேண்டும். பயிற்சி வைக்கும் நேரத்தையும் பாருங்கள். வார நாளில் காலை ஒன்பது மணிக்கு வைத்தால் பெண்கள் கொழுந்து மலையில் இருப்பார்கள். களை எடுப்பதும் எரு சுமப்பதும் அவர்கள். மூடாக்கு இடுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் முடிவு செய்வதும் அவர்கள்தான். வராதவர்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கையில் எழுதுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கூட்டம் வைத்துப் பாருங்கள்.

உலகெங்கும் விவசாயிகள் பாதுகாப்பு விவசாயத்தை ஏற்பதற்கும் ஏற்காததற்கும் காரணம் தேடிய 23 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த மீளாய்வு ஒன்று 2007இல் வெளியானது. எல்லா ஊருக்கும் பொருந்தும் காரணம் என்று ஏறத்தாழ எதுவும் இல்லை, அந்தந்த இடத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பதே அதன் முடிவு. படித்த ஓர் இளைஞர் இதை எனக்கு எடுத்துச் சொன்னபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் இடத்தைப் பார்த்தால் நிலத்தின் உறுதியும் நீரின் வழியும் முதலில் நிற்கின்றன. மற்றவை அவற்றுக்குப் பின்னால்தான்.

செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். எங்கள் சரிவிலிருந்து போகும் மண் நின்றுவிடுவதில்லை. 1976இல் திறந்த பொல்கொல்லை அணைக்கட்டின் கொள்ளளவில் பெரும் பங்கை வண்டல் அடைத்துக்கொள்ள நீண்ட காலம் ஆகவில்லை. கொத்மலைக்கும், 2012இல் தொடங்கிய மேல் கொத்மலைக்கும் நீர் போவது எங்கள் மாவட்டத்து ஓயாக்களிலிருந்து. அந்த நீரில் மின்சாரம் எடுக்கிறோம், பொலன்னறுவையில் நெல் விளைகிறது. நீர்த்தேக்கத்தில் சேர்ந்த மண்ணை அள்ளுவதற்கு ஆகும் செலவில் சிறு பங்கை, அந்த மண்ணை மேலேயே நிறுத்துகிறவனின் கான் கூலியாகக் கொடுத்தால் அது தானம் ஆகாது, வேலைக்கான கூலி.

அடுத்த பெரும்போக மழை தொடங்குமுன் மூன்று காரியங்களை எதிர்பார்க்கிறேன். ஒரு தோட்டத்திலாவது ஐந்து ஆண்டு எழுத்துக் குத்தகையும், அதைக் காட்டினால் கமநல சேவை நிலையத்தில் பதிவும். ஒரு மலையிலாவது விவசாயத் திணைக்களமும் கட்டிட ஆராய்ச்சி நிறுவனமும் தோட்ட நிருவாகமும் சேர்ந்து கான் சங்கிலியைக் குறித்து, தூர்ந்ததைத் திறப்பது. எங்கள் பக்கத்துக் குத்தகைக்காரர்களுக்கு மண் பரிசோதனை, விடை தமிழில்.

குத்தகை ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரியை நாங்கள் சிலர் சேர்ந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். ஒரே பக்கம்தான். நில உரிமை கோரமாட்டோம் என்ற வாசகமும், வரம்பையும் கானையும் ஆண்டுதோறும் பராமரிப்போம் என்ற வாசகமும் அதில் இருக்கின்றன. பராமரிக்கத் தவறினால் குத்தகையை நிறுத்தலாம் என்றும் நாங்களே எழுதியிருக்கிறோம். எந்த நிருவாகம் முதலில் பேச முன்வந்தாலும் அந்தத் தோட்டத்தில் மரக்கறி செய்கிறவர்களை, ஆண்களையும் பெண்களையும், அழைத்துவரும் பொறுப்பு எங்களுடையது. கமநல சேவை நிலையத்தில் கேட்டால் எங்களைத் தேடிப் பிடிப்பது சிரமமாக இருக்காது.

இப்படிக்கு,
கந்தப்பளைப் பகுதியிலிருந்து ஒரு மரக்கறி விவசாயி